இடைநிரப்பு

புதிய பதிப்பு ஒன்று வெளியாகும்போது கூடவே ஒரு குறிப்பும் போடுவது எங்கள் வழக்கம். என்னென்ன புதிய வசதிகள், எவையெல்லாம் மேம்பட்டிருக்கின்றன, எந்தப் பிழைகள் ஒழிந்தன என்று. வண்ணத்தறியின் ஆறாம் பதிப்புக்கு அந்தக் குறிப்பை எழுதும் வேலையை இந்த முறை என் தலையில் கட்டியிருந்தார்கள். எல்லோருக்கும் நிரல் எழுதத்தான் ஆசை, குறிப்பு எழுத ஒருவருக்கும் கை வராது. முணுமுணுத்துக்கொண்டே எழுதிக்கொண்டிருந்தபோது சம்பத் என்பவர் போன் செய்தார்.

வண்ணத்தறி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். திரையில் படம் காட்டுகிற செயலி எதை எழுதுவதானாலும் கோடு, நிறம், நிழல், அசைவு எல்லாவற்றையும் அடியிலிருந்து எழுத வேண்டியிருக்கும். ஒவ்வொருவரும் அந்தப் பாட்டைப் பட வேண்டாம் என்று நாங்கள் சிலர் சேர்ந்து எழுதி வைத்திருக்கிற நிரல்தொகுப்பு அது. திறந்த மூலம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்திக்கொள்ளலாம், காசு கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை, எழுதியவர்கள் பெயரைச் செயலியின் ஒரு மூலையில் போட வேண்டும். அந்தப் பெயர்களுக்கு நடுவே ‘ரெஜினா, கோயம்புத்தூர்’ என்று நானும் இருக்கிறேன். இத்தனை வருஷம் கண் கெட உழைத்ததற்கு எனக்குக் கிடைத்த கூலி அந்த ஒரு வரிதான்.

“ரெஜினா மேடம்ங்களா? நானு திருப்பூர்லருந்து பேசறனுங்க. சாயப்பட்டறைத் தொழிலாளர் சங்கம்.”

“சொல்லுங்க.”

“எங்க ஆளு ஒருத்தரக் காணோமுங்க. பட்டறைக் காமிராவுல அவரு கேட்டத் தாண்டி வெளிய போறாரு. அந்தப் படத்தக் காட்டற செயலில ஓரமா உங்க பேரு இருக்குது. அதுல தமிழ்ப் பேரா இருக்கற ஊரு உங்க ஊரு ஒண்ணுதான். அதனால கேக்கறனுங்க, அது நெசமாலுமே நடந்ததுதானுங்களா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. படம் காட்டுகிற கருவியை எழுதியவளிடம் படத்தில் நடந்தது நிஜமா என்று கேட்டால் என்ன சொல்வது? “காமிராக் கம்பெனிக்காரங்களக் கேளுங்க சார்” என்றேன்.

“கேட்டமுங்க. அவங்க செயலிக்காரங்களக் கேக்கச் சொன்னாங்க. செயலிக்காரங்க உங்களக் கேக்கச் சொன்னாங்க. உங்களுக்கு அப்புறம் கேக்கறதுக்கு வேற ஆளு இல்லீங்க.”

காமிராவின் பதிவுக் கோப்பு கிடைத்தால் எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். மறுநாளே வந்துவிட்டார்கள்.

சம்பத்துக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். அவருடன் வந்தவள் கோகிலவாணி, காணாமல் போன நடராசுவின் மனைவி. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அரை நாள் லீவில் வந்ததால் கழுத்தில் அடையாள அட்டையைக்கூடக் கழற்றவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கி அப்படியே வைத்துக்கொண்டாள்.

“திங்கக்கெழம காலைல வேலைக்குப் போனாருங்க. சாயங்காலம் வரலீங்க. கேட்டா, மத்தியானமே போயிட்டாருங்கறாங்க. படத்துல பாத்தா, ஆமாங்க, போறாரு. கேட்டத் தாண்டித் தெக்கால திரும்பறாரு. ஆனா வண்டி அங்க ஸ்டேண்டுலயே நிக்குதுங்க. வண்டிய உட்டுப்போட்டு எதுக்குங்க நடந்து போவாரு?”

“போலீஸ்ல சொன்னீங்களா?”

“குடிச்சுப்போட்டு எங்காச்சும் கெடப்பாரு, வந்துருவாருங்கறாங்க. அவரு குடிக்க மாட்டாருங்க.”

மீதியைச் சம்பத் சொன்னார். பட்டறைக்குப் பின்னால் பழைய கழிவுத் தொட்டி ஒன்று இருக்கிறது. சாயக்கழிவு அடியில் சேறாக இறுகிவிடும். ஆளை இறக்கி அள்ளக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் இறக்குவார்கள். அன்றைக்கு நடராசுவை இறக்கினார்கள் என்று உடன் வேலை செய்தவன் ஒருவன் கோகிலவாணியிடம் சொல்லிவிட்டு, அடுத்த நாளே தான் அப்படிச் சொல்லவில்லை என்று பின்வாங்கிவிட்டான். இப்போது பட்டறையில் ஜல்லியும் மணலும் வந்து இறங்கியிருக்கிறது. தொட்டியை நிரப்பி மூடி, மேலே காங்கிரீட் போட்டு, ஷெட் கட்டப் போகிறார்களாம்.

“தொட்டியத் தொறந்து பாக்கச் சொல்றோமுங்க. ஆளுதான் வெளிய போயிட்டானே, எதுக்குத் தொறக்கறதுங்கறாங்க. அந்தப் படம் ஒண்ணுதான் குறுக்க நிக்குது” என்றார் சம்பத்.

நான் கோப்பைத் திறந்தேன். செயலி காட்டியபோது எல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது. நல்ல வெயில், கேட், வாட்ச்மேன் நாற்காலி. நீலச் சட்டை போட்ட மனிதர் ஒருவர் நிதானமாக நடந்து வந்து கேட்டைத் தாண்டிப் போனார். பிறகு எங்கள் சோதனைக் கருவியை எடுத்து, இடைநிரப்பை அணைத்துவிட்டு அதே கோப்பை ஓட்டினேன்.

கேட் இருந்தது. வெயில் இருந்தது. சட்டென்று திரை கறுப்பானது. வேகத்தைக் கூட்டியும் கறுப்பாகவே ஓடிக்கொண்டிருந்தது. திரும்பப் படம் வந்தபோது வாட்ச்மேன் நாற்காலியின் நிழல் நீண்டு கிடந்தது. மாலையாகியிருந்தது. நீலச் சட்டைக்காரர் எங்குமே இல்லை.

முதலிலிருந்து இன்னொரு முறை ஓட்டினேன். அதே கறுப்பு.

“என்னங்க மேடம், படம் கெட்டுப்போச்சுங்களா?” என்றாள் கோகிலவாணி.

“இல்லம்மா. இதுதான் காமிரா எடுத்தது. அந்த நேரத்துல காமிரா எதையும் எடுக்கல, நின்னு போயிருக்கு. நீங்க பாத்தது எடுத்த படம் இல்ல, வரைஞ்ச படம்.”

“யாருங்க வரைஞ்சாங்க?”

“கம்ப்யூட்டரே வரையும். அதுக்குப் பேரு இடைநிரப்பு. காமிரா எல்லாத்தையும் பதிஞ்சா இடம் நிறைய வேணும், செலவு. அதனால இப்பல்லாம் இங்கொண்ணு அங்கொண்ணாத்தான் பதியுது. நடுவுல விட்டுப்போனத, முன்னாடி இருக்கறதையும் பின்னாடி இருக்கறதையும் வச்சு இதுவே யூகிச்சு வரைஞ்சுக்கும். கண்ண மூடித் தொறக்கற நேரத்துக்குன்னுதான் ஆரம்பிச்சது.”

“இது மத்தியானம் முச்சூடும் வரைஞ்சிருக்குதுங்களே?”

“ஆமா.”

“அது சரிங்க. எதுக்கு வெளிய போற மாதிரி வரையணும்?”

“காலைல உள்ள வந்தாரு, அது பதிவுல இருக்கு. சாயங்காலம் அவரக் காணோம். அப்ப நடுவுல வெளிய போயிருக்கணும்னு அது நினைச்சுக்கிச்சு. கோடிக்கணக்கான படத்தப் பாத்துப் படிச்சது அது. உள்ள போனவங்க வெளிய வருவாங்க, அதுதான் அதுக்குத் தெரியும்.”

கோகிலவாணி கையில் இருந்த தண்ணீரை அப்போதுதான் குடித்தாள். “சாவுன்னு ஒண்ணு இருக்கறது அதுக்குத் தெரியாதுங்களா?” என்று கேட்டாள். சம்பத் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

இந்த இடத்தில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டாமல் மேலே போக முடியாது. ஐந்தாம் பதிப்பில் இடைநிரப்பு வந்தபோது நான் ஒற்றைக் காலில் நின்றேன். வரைந்த படத்துக்கும் எடுத்த படத்துக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும், வரைந்ததைச் சுற்றிச் சிவப்பாக ஒரு விளிம்பு வர வேண்டும் என்று சண்டை போட்டு அதை உள்ளே நுழைத்தவள் நான். விளிம்போடுதான் ஐந்தாம் பதிப்பு வெளியானது. பிறகு அது எப்படிப் போனது? மாற்றப் பதிவேட்டைத் தோண்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

எங்கள் கூட்டத்துக்கு ஒரு நடைமுறை உண்டு. முக்கியமான மாற்றம் எதுவானாலும் எல்லோருக்கும் மடல் அனுப்ப வேண்டும், ஏழு நாள் காத்திருக்க வேண்டும், யாரும் எதிர்க்காவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். ஆனால் பொத்தானின் நிறம், எழுத்தின் அளவு, ஓரத்தின் வளைவு போன்ற சில்லறை விஷயங்களுக்கு யார் ஏழு நாள் உட்கார்ந்திருப்பது? அவற்றுக்கு ‘அழகு மாற்றம்’ என்று பெயர். மடல் கிடையாது, காத்திருப்பு கிடையாது, ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும். சிவப்பு விளிம்பு கண்ணை உறுத்துகிறது என்று காமிராக் கம்பெனி ஒன்று சொல்லியிருக்கிறது. எங்களுக்கு நன்கொடை தருகிற கம்பெனி. உடனே எங்கள் தலைமைப் பராமரிப்பாளர் ஹரிகிருஷ்ணன் அதை அழகு மாற்றம் என்று போட்டு ஒரே கையெழுத்தில் எடுத்துவிட்டார். விளிம்பு என்றால் அழகு சம்பந்தப்பட்டதுதானே. அடுத்த மாதம் இடைவெளியின் நீளத்துக்கு இருந்த வரம்பையும் எடுத்தார்கள். அதற்கு முறைப்படி மடல் வந்தது, விளிம்புதான் இருக்கிறதே என்று எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். ‘இனி எவ்வளவு நீண்ட இடைவெளியும் தடையின்றி நிரம்பும்’ என்று வெளியீட்டுக் குறிப்பில் மேம்பாடுகள் பகுதியில் போட்டார்கள். மேம்பாடாம், மண்ணாங்கட்டி.

அன்றைக்கே திருப்பூர் ஸ்டேஷனுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் தண்டபாணி எங்களை உட்காரச் சொன்னார், நான் சொன்னதை முழுக்கக் கேட்டார், என் மடிக்கணினியில் கறுப்புத் திரையையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு தன் மேசைக் கணினியில் அதே கோப்பைப் போட்டுக் காட்டினார். நடராசு நிதானமாக நடந்து போனார்.

“ஏம்மா, இதுல ஆளு நடந்து போறான். உன்றதுல இருட்டா இருக்குது. நான் எத நம்பறது?”

“இருட்டத்தான் சார் நம்பணும்.”

“இருட்டத் தூக்கிட்டுப் போயி, தொட்டியத் தொறக்க உத்தரவு போடற ஆர்டிஓ முன்னால எப்படிம்மா நிக்கறது? அவங்க வக்கீலு நாளைக்கே கேப்பான், இந்தம்மா கம்ப்யூட்டர்ல ஏதோ பண்ணி அழிச்சிருச்சுன்னு. நான் என்ன சொல்றது?”

“நாந்தான் சார் இத எழுதினவ.”

“எழுதினவங்க எத்தன பேரு?” அவர் திரையின் மூலையில் இருந்த பெயர்களைக் காட்டினார். “இத்தன பேருல நீ ஒருத்தி சொன்னாப் பத்தாது. இந்தச் செயலியே சொல்லட்டும், இது நான் வரைஞ்சதுன்னு. இதே ஸ்டேஷன்ல, இதே கம்ப்யூட்டர்ல. நானே ஜீப்ப எடுத்துட்டுக் கூட வர்றன்.”

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவராக இருந்திருந்தால் கத்திவிட்டாவது வந்திருப்பேன்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்று ஹரிகிருஷ்ணனுக்குப் போன் போட்டேன். அவர் பெங்களூரில் இருக்கிறார். ஆறாம் பதிப்பு வெளியீட்டுக்குக் காமிராக் கம்பெனி செலவில் பெரிய ஓட்டலில் விழா ஏற்பாடாகியிருந்தது. நடந்ததைச் சொன்னேன். 

“ரொம்ப வருத்தமா இருக்கு, ரெஜினா.”

“வருத்தப்பட வேண்டாம். வண்ணத்தறி பேர்ல ஒரு அறிக்கை குடுங்க. நீண்ட இடைவெளில வர்ற படம் கணிப்பு, அதச் சாட்சியா எடுத்துக்கக்கூடாதுன்னு ரெண்டு வரி. இன்னைக்கே.”

“நான் மட்டும் குடுக்க முடியாதே. முக்கியமான விஷயம். மடல் போடுங்க, ஏழு நாள் பாப்போம்.”

“ஏழு நாள்ல காங்கிரீட் காஞ்சிடும் ஹரி.”

“உணர்ச்சிவசப்படாதீங்க. நம்ம உரிமத்துல தெளிவா இருக்கு. உள்ளது உள்ளபடி தர்றோம், எந்த உத்தரவாதமும் கிடையாது. யாரோ தப்பாப் பயன்படுத்தினா நாம எப்படிப் பொறுப்பாவோம்?”

“அந்தாளையும் உத்தரவாதம் இல்லாமத்தான் உள்ள இறக்கியிருக்காங்க.”

“இப்படியெல்லாம் பேசினா நான் என்ன சொல்றது? இப்ப அறிக்கை விட்டா எல்லாக் காமிராவையும் சந்தேகப்படுவாங்க. எத்தன பேரு இத நம்பித் தொழில் பண்றாங்க தெரியுமா? நீங்க வெளியீட்டுக் குறிப்ப முடிச்சு அனுப்புங்க. நாளைக்கு மத்தியானம் வெளியிடறோம்.”

போனை வைத்துவிட்டார். மனிதரா இவர் என்று இருந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் என் வாய் முணுமுணுத்துக்கொண்டே வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சிங்காநல்லூர் நெருங்கும்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது.

விளிம்பை எடுத்தது அழகு மாற்றம் என்றால், விளிம்பைப் போடுவதும் அழகு மாற்றம்தானே?

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் உட்கார்ந்தேன். பழைய விளிம்பு நூல் மாதிரி மெல்லியதாக இருந்தது. இப்போது விரல் பருமனில் போட்டேன். நல்ல இரத்தச் சிவப்பு. இடைவெளி ஒரு நொடிக்கு மேல் போனால் படத்தின் நடுவே பட்டையாக எழுத்தும் வர வேண்டும்: ‘இது பதிவு அல்ல. கணிப்பு.’ எழுத்துருவும் நிறமும் அழகு மாற்றத்தில் சேர்த்தி என்று எங்கள் விதியிலேயே இருக்கிறது. மாற்றத்துக்குத் தலைப்பாக ‘விளிம்பு அழகுபடுத்தப்பட்டது’ என்று எழுதி, ஒற்றைக் கையெழுத்தைப் போட்டேன். குறிப்பிலும் மறைக்கவில்லை. மேம்பாடுகள் பகுதியின் கடைசி வரியாக அதே சொற்களைச் சேர்த்து ஹரிக்கு அனுப்பினேன். நன்றி, அருமையாக எழுதியிருக்கிறீர்கள் என்று பதில் வந்தது. கடைசி வரி வரைக்கும் படித்திருந்தால்தானே.

மறுநாள் விழாவில் கைதட்டல்களுக்கு நடுவே ஆறாம் பதிப்பு வெளியானது. நேரலையில் பார்த்தேன். முப்பரிமாண நிழல்கள், பாதி மின்சாரத்தில் இரட்டை வேகம், எல்லாம் நல்ல வேலைதான், இல்லை என்று சொல்லவில்லை. வண்ணத்தறியைப் பயன்படுத்தும் செயலிகள் தாமாகவே புதிய பதிப்பை இறக்கிக்கொள்ளும். சாயங்காலத்துக்குள் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஹரி கூப்பிட்டபோது குரல் கிழிந்திருந்தது. “என்ன பண்ணி வச்சிருக்கீங்க? கடை காமிரா, டோல்கேட் காமிரா, ஏடிஎம் காமிரா, எங்க பாத்தாலும் செவப்பா இருக்கு. அந்தக் கம்பெனிக்காரங்க என்னைக் கிழிக்கறாங்க.”

“செவப்பா இருக்கற எடமெல்லாம் காமிரா பாக்காத எடம் ஹரி. நம்ம கைவேல எம்புட்டுப் பரவியிருக்குன்னு நல்லாப் பாத்துக்கோங்க.”

“உடனே எடுங்க.”

“மடல் போடுங்க. ஏழு நாள் பாப்போம்.” சொல்லிவிட்டு நானே வைத்தேன். பல வருஷமாக நான் சொல்ல நினைத்த வாக்கியம் அது, சும்மா சொல்லக்கூடாது, நாக்கில் தேன் தடவின மாதிரி இருந்தது.

தண்டபாணி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஸ்டேஷன் கணினியில், அவர் கண்ணெதிரே, சிவப்புக் கட்டத்துக்குள் நடராசு நடந்து போனார். நெஞ்சுக்குக் குறுக்கே எழுத்துப் பட்டை. இன்ஸ்பெக்டர் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு ஆர்டிஓவிடம் போனார். அடுத்த நாள் காலையில் உத்தரவு கிடைத்து, தீயணைப்பு வண்டி பட்டறைக்குள் நுழைந்தபோது தொட்டியின் ஒரு மூலையில் ஜல்லி கொட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

மூடிப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். நாற்றம் தாங்காமல் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டோம். கோகிலவாணி மட்டும் பொத்தவில்லை. மோட்டார் போட்டுச் சேற்றை உறிஞ்சினார்கள். வெயில் ஏறுவதற்குள் நடராசு கிடைத்துவிட்டார். சட்டை என்ன நிறம் என்றே தெரியவில்லை, எல்லாச் சாயமும் அதில் ஏறியிருந்தது. கோகிலவாணி கிட்டே போய்ப் பார்த்து, “இவருதானுங்க” என்றாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து, அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் எடுத்து அழுதாள். நானும் அழுதேன். பட்டறை மேனேஜர் ஆபீஸ் வாசலில் நின்று யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்தான். ஓடிப் போய் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். ஒரு பெண் போலீஸ் வந்து என்னைப் பிரித்து இழுத்துக்கொண்டு போனாள்.

நடராசுவை ஏற்றிய வண்டி கிளம்பத் தயாரானபோது, சேற்றுக்குள் நின்ற தீயணைப்புக்காரர் கையைத் தூக்கி மோட்டாரை நிறுத்தச் சொன்னார். தொட்டிக்கு உள்ளே ஒரு குறுக்குச் சுவரும் அதற்குப் பின்னால் ஓர் அறையும் இருந்தன. அந்த அறையின் சேற்றில் இன்னொருவர் கிடந்தார். எலும்புதான் மிச்சம். ஆனால் சட்டைப் பையில் இருந்த அடையாள அட்டை பிளாஸ்டிக் உறைக்குள் அப்படியே இருந்தது. அய்யாத்துரை, சங்கரன்கோவில் பக்கம். யாருமே அவரைத் தேடிப் புகார் கொடுத்திருக்கவில்லை.

ஸ்டேஷனில் மேனேஜர் சொன்னதைத் தண்டபாணி பிறகு எங்களிடம் சொன்னார். அய்யாத்துரை செத்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். அன்றைக்கு நிஜமாகவே கரண்ட் போயிருந்தது, காமிரா தானாகவே நின்றிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் கைகாலெல்லாம் உதறிக்கொண்டு படத்தைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பார்த்தால், செத்த ஆள் கேட்டைத் தாண்டி நடந்து போகிறான்.

“நாங்க ஒண்ணும் பண்ணலீங்க, கம்ப்யூட்டரே அப்படிக் காட்டுச்சுங்கறான்” என்றார் இன்ஸ்பெக்டர். “அதுக்கப்புறம் புத்தி வந்திருச்சு. நடராசுக்கு அவங்களே காமிரா ஸ்விட்ச அணைச்சிருக்காங்க.”

அப்படியானால் அவர்களுக்கு வழி காட்டிக் கொடுத்தது யார்? நான் அந்த நாற்காலியை விட்டு எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அய்யாத்துரையின் மனைவி முத்துப்பேச்சி மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். சவக்கிடங்கு வராந்தாவில் கோகிலவாணியும் நானும் சம்பத்தும் இருந்தோம். கிராமத்திலிருந்து துணைக்கு யாரும் வரவில்லை, தனியாகத்தான் வந்தாள். கழுத்தில் ஒன்றும் இல்லை. அடையாள அட்டையைக் காட்டியபோது வாங்கிப் பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்தாள்.

“இந்தக் கார்டு அவருதுதான். ஆனா இது அவரு இல்ல. அவரு ஓடிப்போனவரு.”

“அப்படி யாருங்க சொன்னாங்க?” என்றாள் கோகிலவாணி.

“யாரு சொல்லணும்? கம்பெனில படம் போட்டுக் காட்டுனாவ. எங்கண்ணால பாத்தேன். பைய மாட்டிக்கிட்டு, கேட்டத் தாண்டி, ஜம்முன்னு போறாரு. எவளோ ஒருத்தி பின்னாலதான் போயிருக்காருன்னு ஊரே பேசிச்சு. தாலியக் கழத்திக் கொளத்துல வீசிட்டு வந்தேன். எங்க அத்தை, மகன் போன கவலையிலயே படுத்துப் போய்ச் சேந்துட்டாவ. எம்மவ அப்பான்னு வாயத் தொறந்தா வாயிலயே போடுவேன். இப்பம் அவ அந்தச் சொல்லையே சொல்ல மாட்டா.”

கோகிலவாணி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அக்கா, என்ற வீட்டுக்காரரும் அதே மாதிரி நடந்துதானுங்க போனாரு. நானும் பாத்தனுங்க. நேத்து அந்தத் தொட்டிக்குள்ள இருந்துதான் தூக்குனாங்க. அது அவங்க நடந்தது இல்லீங்கக்கா. கம்ப்யூட்டரு யூகத்துல வரைஞ்சது.”

முத்துப்பேச்சி கோகிலவாணி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முத்துப்பேச்சியின் முகம் மாறுவதை என்னால் பார்க்க முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

“வரைஞ்சதா?” என்றாள். “யாரு வரைஞ்சா?”

ஹரிகிருஷ்ணன் என்று சொல்லியிருக்கலாம். கம்பெனி என்று சொல்லியிருக்கலாம். செயலியின் மூலையில் இருக்கிற பெயர்களில் ஒன்றுதான் அவள் எதிரே நின்றுகொண்டிருந்தது.

“நாங்கதாம்மா” என்றேன். “அந்தக் கருவிய எழுதினது நாங்க.”

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு எடுத்துவிட்டு, சண்டை எதுவும் இல்லாத குரலில் கேட்டாள்.

“வரையறதுதான் வரைஞ்சிய. ஒரு தடவ திரும்பிப் பாக்குத மாதிரி வரைஞ்சிருக்கக் கூடாதாம்மா?”